பொழுது போய் நேரம் வந்த கதை



"சார், பழைய ராஜா கதையே எழுதுறீங்க. இந்தக் காலத்துக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு எழுதுங்க. செல்போன் மனுஷனை என்ன பண்ணுதுன்னு எழுதுங்க" என்று உங்களில் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். செல்போனைத் திட்டி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களும் அதைச் செல்போனில்தான் எழுதுகிறார்கள், நானும் இதை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் பேரனை விட்டுவிட்டு அவனுடைய பாட்டனின் வரலாற்றைச் சொல்கிறேன். பாட்டனின் பெயர் கடிகாரம்.

லூயிஸ் மம்ஃபோர்டு என்ற அமெரிக்க அறிஞர் 1934இல் எழுதிய ஒரு நூலில், தொழில் யுகத்தின் மூல இயந்திரம் நீராவி இயந்திரம் இல்லை, கடிகாரம்தான் என்று வாதிட்டார். வகுப்பில் நான் உங்களுக்கு ஜேம்ஸ் வாட்டைப் பற்றித்தான் நடத்தினேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் மம்ஃபோர்டு சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. நீராவி இயந்திரம் நம் கைவேலையை மாற்றியது. கடிகாரம் நம் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் நம் ஊர்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று ஆறு சிறுபொழுதுகள். ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை. நேரத்தை அளக்க நம் முன்னோருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறிவிக்கிறவர்கள் வருகிறார்கள்.

ஆனால் அரசனுக்கும் கோயிலுக்கும் சோதிடருக்கும் வேண்டிய அந்தக் கணக்கு, உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் அன்றாடம் தேவைப்படவில்லை. என் அப்பத்தா வாசலில் நின்று தன் நிழலைக் காலடியால் அளந்து நேரம் சொல்வார். "கோழி கூப்பிட எந்திரிச்சேன்", "மாடு திரும்புற நேரத்துக்கு வந்துரு", "விளக்கு வைக்கிற நேரத்துல படுக்காதே" என்பதுதான் அவருடைய கால அட்டவணை. அந்தச் சொற்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு நேரத்திலும் ஓர் உயிரோ ஒரு வேலையோ இருக்கிறது. கோழி, மாடு, விளக்கு. எண் எதுவும் இல்லை.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். இயந்திரக் கடிகாரத்தின் கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது. அது வியாபாரிகளால் பிறந்தது என்று நினைப்போம். அதற்கான தேவை முதலில் எழுந்தது துறவிகளின் மடங்களில்.

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்ற துறவி, தம் மடத்துக்கு ஒரு விதிநூல் எழுதினார். பகலில் ஏழு வேளை, நள்ளிரவு கடந்து ஒரு வேளை என்று துறவிகள் கூடி இறைவனைப் பாட வேண்டும். மீதி நேரத்தில் உழைப்பும் வாசிப்பும். நம் சிவன் கோயில்களில் உஷத்காலம், உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்று கால பூசை நடக்கிறதே, பள்ளிவாசலில் ஐந்து வேளைத் தொழுகை நடக்கிறதே, அதே போன்ற ஒழுங்குதான். பகலில் சூரியன் இருக்கிறது. நடுச்சாமத்தில் குளிரில் யார் எழுப்புவது? அதற்கு நீர்க்கடிகாரம் வைத்தார்கள், மெழுகுவத்தி எரிவதைப் பார்த்தார்கள், விண்மீன்களைப் பார்த்தார்கள். விழித்திருந்து மணி அடிக்க ஒருவரை வைத்தார்கள். அவர் கண்ணயர்ந்தால் மடம் முழுவதும் வேளை தவறும்.

இந்தக் கவலைக்கு 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு விடை கிடைத்தது. கயிற்றில் ஒரு கனமான எடையைத் தொங்கவிட்டால் அது சரேலென்று விழும். அப்படி விழவிடாமல் ஒரு பற்சக்கரத்தைப் பல் பல்லாகத் தடுத்துத் தடுத்து விடும் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தடுப்பின் ஓசைதான் நாம் கேட்கும் 'டிக் டிக்'. இங்கிலாந்தின் சால்ஸ்பரி தேவாலயத்தில் 1386ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு கடிகாரம் இன்றும் இருக்கிறது. அதற்கு முகமே கிடையாது. முள் இல்லை, எண் இல்லை. மணி மட்டும் அடிக்கும். ஆங்கிலத்தில் கடிகாரத்துக்கு வழங்கும் 'கிளாக்' என்ற சொல்லே மணி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். பார்ப்பதற்காக அது செய்யப்படவில்லை. "எழுந்திரு, உனக்குள்ளே திரும்பிப் பார்" என்று கூப்பிடுவதற்காகச் செய்யப்பட்டது.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. அதுவரை ஐரோப்பாவில் பகலைப் பன்னிரண்டு கூறாகவும் இரவைப் பன்னிரண்டு கூறாகவும் பிரிப்பார்கள். கோடையில் பகல் நீண்டால் பகலின் ஒரு மணி நேரமும் நீளும். குளிர்காலத்தில் சுருங்கும். பற்சக்கரத்துக்கு இந்த நீட்டலும் சுருக்கலும் ஒத்துவரவில்லை. எல்லா மணி நேரமும் ஒரே அளவு என்று ஆனது. அன்றுதான் மனிதனின் நேரம் சூரியனிடமிருந்து முதல் அடி விலகியது.

மணி மடத்தை விட்டு இறங்கி எங்கே போனது? நேராக நெசவாளர் தெருவுக்குப் போனது. பிரான்ஸில் அமியான் என்று ஒரு நெசவு நகரம். அந்த நகரத் தலைவர்கள் மன்னர் ஆறாம் பிலிப்பிடம் அனுமதி கேட்டார்கள், 1335இல் அவர் கொடுத்தார். என்ன அனுமதி தெரியுமா? தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் போக ஒரு மணி, சாப்பிடப் போக ஒரு மணி, சாப்பிட்டுத் திரும்ப ஒரு மணி, வேலை முடிய ஒரு மணி அடிப்பதற்கு. வேண்டுதலுக்கு அழைத்த மணி, இப்போது எப்போது சோறு தின்னலாம் என்று சொல்ல ஆரம்பித்தது. பசிக்கிறபோது சாப்பிட்டவன், மணி அடித்தால் சாப்பிடுகிறவன் ஆனான். இந்தச் சாப்பாட்டு மணியை மறந்துவிடாதீர்கள். பின்னால் சென்னைக்கு வரும்போது மறுபடியும் சந்திப்போம்.

1656இல் ஹாலந்து விஞ்ஞானி ஹைகென்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். ஒரு நாளைக்குக் கால் மணி அளவுக்குப் பிசகிக்கொண்டிருந்த கடிகாரம் விநாடிக்கணக்குத் துல்லியத்துக்கு வந்தது. நிமிட முள் பரவலானது அதற்குப் பிறகுதான். அதுவரை பெரும்பாலான கடிகாரங்களுக்கு ஒரே முள். நிமிடம் என்ற ஒன்று சாதாரண மனிதனின் வாழ்க்கையில் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை இழக்க முடியாது, வீணாக்க முடியாது, அதற்காகப் பதற முடியாது. நிமிட முள் வந்த பிறகு மூன்றும் முடிந்தது.

இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகியபோது கடிகாரம் முதலாளியின் கைக்குப் போனது. கிரௌலி இரும்பு ஆலையின் விதிநூலில், கடிகாரத்தைக் கண்காணிப்பாளர் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைச் சிறுவன் ஒருவனின் வாழ்க்கைக் குறிப்புகளாக 1850இல் ஒரு நூல் வந்தது. காலையில் ஆலைக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னே இழுத்து வைப்பார்கள் என்கிறது அந்த நூல். தொழிலாளிகளுக்கு அது தெரியும், ஆனால் சொந்தமாகக் கைக்கடியாரம் வைத்துக்கொள்ளப் பயம். நேரத்தைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டவனுக்கு வேலை போய்விடும்.

விடிகாலையில் தொழிலாளர்களை எழுப்புவதற்கென்றே அந்த நகரங்களில் ஆட்கள் இருந்தார்கள். நீண்ட கம்பை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மாடி ஜன்னலைத் தட்டுவார்கள். அதற்குக் கூலி. மடத்தில் விழித்திருந்து மணி அடித்த துறவியின் வேலைதான் இது. எழுப்பப்படுகிறவன் எதற்காக எழுகிறான் என்பதுதான் மாறிப்போயிற்று.

அடுத்து ரயில். 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது ஒவ்வொரு ஊருக்கும் அதன் சூரியன் காட்டும் நேரம்தான். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும் என்று உங்களுக்கு உலக உருண்டையைச் சுற்றிக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அந்தக் கணக்குப்படி லண்டனுக்கு மேற்கே உள்ள பிரிஸ்டல் நகரம் சுமார் 10 நிமிடம் பின்னால் இருந்தது. மாட்டுவண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு பக்கமிருந்து ரயில் வந்தால் பத்து நிமிடம் என்பது பல உயிர். அதனால் 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பாதை முழுவதும் லண்டன் நேரத்தைக் கொண்டுவந்தது. பிரிஸ்டல்காரர்கள் சும்மா விடவில்லை. தங்கள் வணிக மன்றக் கடிகாரத்துக்கு இரண்டு நிமிட முள் வைத்தார்கள். ஒன்று ரயிலுக்கு, ஒன்று தங்கள் சூரியனுக்கு. இன்றும் அந்தக் கடிகாரம் அப்படியே இருக்கிறது.

இனி நம் சென்னை. நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதல்லவா, புயல் வந்தால் தொலைக்காட்சியில் காட்டுவார்களே, அந்த வளாகத்துக்குள் ஒரு பழைய கருங்கல் தூண் நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே கட்டிய வானாய்வகத்தின் மிச்சம் அது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் நேரத்தைக் கணக்கிட்டு நிலைநாட்டினார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். அதுதான் 'மெட்ராஸ் நேரம்'.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நாடு முழுவதும் பாதைகள் நீண்டபோது பழைய பிரச்சினை இங்கேயும் வந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நேர வித்தியாசம் ஒரு மணிக்கு மேல். சென்னை நேரம் இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது. ஆகவே இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின, தந்திக் கம்பி வழியாக அந்த நேரம் ஊர் ஊராகப் போனது. ஊரார் தங்கள் சூரியனைப் பார்த்து எழுந்து, ரயிலுக்கு மட்டும் மெட்ராஸைக் கேட்டுக்கொண்டார்கள்.

1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று இந்திய நேரம் வந்தது. அந்த மாதமே பம்பாயில் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்த்துக் கிளம்பினார்கள். புது நேரம் வந்தால் சூரியக் கணக்கில் முன்னதாகவே ஆலைக்குள் நுழைய வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் முன்னதாக ஓடும் 'பாகான் நேரம்' வழக்கில் உண்டு. அங்கே சூரியன் நமக்கு முன்னே எழுந்துவிடுகிறதே! சென்னையிலும் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு மணி ஒன்பது நிமிடத்துக்குத்தான். நம் சுவர்க் கடிகாரம் காட்டும் நண்பகல் நம் தலைக்கு மேலே இருக்கும் நண்பகல் இல்லை. இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், ரயில் மோதாமல் ஓடுகிறது. ஆனால் "இப்போது என்ன பொழுது?" என்று கேட்டால் அண்ணாந்து பார்த்தவர்கள், குனிந்து பார்க்கிறவர்களாக ஆனது இப்படித்தான்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மணிக்கு வருகிறேன். சென்னை பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு பெரிய பஞ்சாலைகள். ஆலைச் சங்கு ஊதினால் சுற்று வட்டாரமே எழும். ஆலைக்குள் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் கைகழுவி, சோற்றைப் பிரித்து, தின்று, தண்ணீர் குடித்துத் திரும்ப அந்த அரை மணி போதவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் துணை நின்றார்கள். திரு.வி.க. தமிழாசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தச் சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று, அரை மணி இடைவேளையை நாற்பது நிமிடமாக்க வேண்டும் என்பது.

பத்து நிமிடம்! இந்தப் பத்து நிமிடத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர்கள் கடிகாரத்தை உடைக்கச் சொல்லவில்லை. பழைய கிராமத்துக்குத் திரும்பிவிடுகிறோம் என்றும் சொல்லவில்லை. சோற்றை மென்று தின்ன, பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டு வார்த்தை பேச, மனிதனாக உட்கார்ந்திருக்கப் பத்து நிமிடம் கேட்டார்கள். அதையும் கடிகாரத்தின் மொழியிலேயே கேட்டார்கள். பூட்டி வைத்த கடிகாரத்தைத் தொழிலாளி படிக்கக் கற்றுக்கொண்டதும் அதே கடிகாரம் அவனுக்கு ஆயுதமாயிற்று. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மே தினத்தின் அடிப்படையே எட்டு மணி நேர வேலைதானே? எட்டு என்று எண்ணத் தெரியாமல் அதைக் கேட்டிருக்க முடியுமா? ஆகவே கருவி கெட்டது என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் விலை கொடுத்திருக்கிறோம். அதை மறைக்கவும் கூடாது. ஆன்மிக விலை என்றால் திருநீறு, சிலுவை, தொப்பி என்று மதத்தின் கணக்கில் நான் சொல்லவில்லை. ஒரு மனிதன் தன் மனதோடு, அல்லது இன்னொரு மனிதனோடு, எந்த அவசரமும் இல்லாமல் இருக்கக்கூடிய ஆற்றலைச் சொல்கிறேன். துறவியின் மணி காப்பாற்ற நினைத்தது அதைத்தான். அந்த மணியின் வாரிசுகள் தின்றதும் அதைத்தான்.

நம் பேச்சிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பொழுது விடியும், பொழுது ஏறும், பொழுது சாயும். பொழுது தானாக நடக்கும், நாம் அதனுள்ளே இருப்போம். நேரத்தை என்ன செய்கிறோம்? செலவழிக்கிறோம், மிச்சம் பிடிக்கிறோம், வீணாக்குகிறோம், ஒதுக்குகிறோம். எல்லாம் காசுக்குச் சொல்லும் சொற்கள். காலத்தைக் காசாகப் பார்க்கச் சொல்லி இளம் வியாபாரிகளுக்குப் பெஞ்சமின் ஃபிராங்ளின் அறிவுரை எழுதியது 1748இல். இன்று நோயாளியைப் பார்க்கப் போகிற இடத்திலும் நாம் அந்த வியாபாரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். "வந்து அரை மணி ஆச்சு, கிளம்பலாமா?" என்று கண்ணால் கேட்டுக்கொள்கிறோம்.

நான் வேலை பார்த்த முதல் பள்ளியில் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். இரும்புக் கம்பியால் அடித்தால் ஊர்க்கோடி வரை கேட்கும். உங்களில் பலர் அதை அடிக்கப் போட்டி போட்டவர்கள்தான். ரயிலின் நேரம் ரயிலே வராத ஊருக்கும் தண்டவாளத் துண்டாக வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் எனக்குக் காலை ஒன்பது இருபது ஆனால் கால் தரிக்காது. செருப்பைத் தேடும். உங்கள் அம்மா, எனக்கு மனைவி, சிரிப்பார். மணி மரத்தில் இல்லை, எனக்குள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் அந்த மணியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அடிக்கும், பிறகு நின்றுவிடும். இரண்டு மணிக்கும் நடுவில் அது நம்மை ஒன்றும் கேட்காது. சுவர்க் கடிகாரமும் அப்படித்தான். 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் தயாராகத் தொடங்கி, வேலை கிடைத்தவன் கையிலும் மாப்பிள்ளை கையிலும் ஏறியபோது, காலம் மணிக்கட்டுக்கு வந்தது. ஆனாலும் அது சாவி கொடுத்தால் ஓடும், பார்த்தால் காட்டும், அவ்வளவுதான்.

பேரன் அப்படி இல்லை. அவன் நிற்பதே இல்லை. திரையைத் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின் என்பவர். அதற்காகப் பின்னாளில் அவரே பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, நாளிதழுக்குக் கடைசிப் பத்தி உண்டு, கச்சேரிக்கு மங்களம் உண்டு. இதற்கு முற்றுப்புள்ளியே வைக்கவில்லை. மடத்து மணி ஒரு நாளில் எட்டு முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் மனதை ஓரிடத்தில் கூட்டியது. கையில் இருக்கும் மணி ஒரு நாளில் எத்தனை முறை அழைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இருக்கும் இடத்திலிருந்து மனதை எங்கோ கூட்டிக்கொண்டு போகிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு தம்பி இப்போது அமெரிக்காக்காரர்களின் பகலுக்கு இங்கே இரவில் வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம், வீடு கட்டிவிட்டான், சந்தோஷம். போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்: "சார், நான் வீட்டுக்குள்ள நுழையறப்ப பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்புது. அது திரும்பி வந்து கொஞ்ச நேரத்துல நான் கிளம்பணும். வாசல்ல பார்த்துக்கறோம், அவ்வளவுதான்." பம்பாய் ஆலைத் தொழிலாளி சுமார் நாற்பது நிமிட வித்தியாசத்துக்குப் போராடினான். இந்தத் தம்பி பத்து மணி நேர வித்தியாசத்தைத் தன் உடம்பிலும் தன் குழந்தையின் குழந்தைப் பருவத்திலும் சுமக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்காகக் கேட்க ஒரு சங்கம் இல்லையே என்றுதான் தோன்றியது.

கடைசியாக ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். 1909இல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் 'இந்து சுயராஜ்ஜியம்' எழுதியவர் காந்தியடிகள். இயந்திரத்தையும் ரயிலையும் அதில் அவர் விமர்சித்ததுபோல அந்நாளில் இங்கே விமர்சித்தவர்கள் குறைவு. ஆனால் அவர் இடுப்பில் எப்போதும் ஒரு கடியாரம் தொங்கியது. நேரம் தவறுவதை அவர் பொறுக்கமாட்டார். 1948 ஜனவரி 30 மாலை, பட்டேலுடன் பேச்சு நீண்டதால் ஐந்து மணிப் பிரார்த்தனைக்குச் சில நிமிடம் பிந்திவிட்டதே என்ற வருத்தத்தோடுதான் வேகமாக நடந்து போனார். அதே மனிதர் திங்கட்கிழமைதோறும் பேசாமல் மௌனம் காத்தார். தேசமே அவருக்காகக் காத்திருந்த நாட்களிலும் அந்த வழக்கத்தை வைத்திருந்தார். அவர் இடுப்பில் தொங்கியபோது கடிகாரம் தான் பிறந்த வேலையைச் செய்தது. வேண்டுதலுக்குப் போக நினைவூட்டியது. மற்ற நேரம் சும்மா இருந்தது.

வரலாறு எனக்குச் சொல்வது இதுதான். கருவி ஒவ்வொரு படியாக நம் அருகே வந்தது. கோபுரத்திலிருந்து ஆலைச் சுவருக்கு, சுவரிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து தலையணைக்கு. ஒவ்வொரு படியிலும் யாராவது "இவ்வளவு வரைக்கும் வா, இதற்கு மேல் வராதே" என்று ஒரு கோடு போட்டார்கள். பிரிஸ்டல்காரர்கள் இரண்டாவது முள் வைத்தார்கள். பம்பாய்க்காரர்கள் வாசலில் கூடினார்கள். பெரம்பூர்த் தொழிலாளி பத்து நிமிடம் கேட்டான். காந்தி ஒரு கிழமையை எடுத்துக்கொண்டார். கோடு போடாதவர்கள் முதல் தலைமுறையாக நாம் ஆகிவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

அதனால் பிள்ளைகளே, செல்போனைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். நீங்கள் எறிந்தால் இந்தப் பதிவை யார் படிப்பது? பெரம்பூர்க் கணக்கையே நானும் கேட்கிறேன், பத்து நிமிடம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள் கூடி உட்காருங்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள், தொழுகிறவர்கள் தொழுங்கள், இரண்டும் இல்லாதவர்கள் சும்மா இருங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். இரவு வேலைக்காரர்கள் கிடைக்கிற பத்து நிமிடத்தை வாசலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடிகாரம் பார்க்காமல் நேரம் சொல்ல என்னென்ன சொற்களை வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள், மலையடிவாரப் பிள்ளைகள், தறி ஓடுகிற ஊர்ப் பிள்ளைகள் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொகுதி இருக்கும். கேட்பதற்கு அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கும். அவசரம் இல்லை, நான் காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்